தம்பியின் தாங்கி

தண்ணீரூற்று,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

நீயும் மேனுகாவும் சின்னவனும் அந்தக் குளிர் நாட்டில் காய்ச்சல் தடிமன் அண்டாமல் இருக்க வற்றாப்பளை அம்மாளாச்சியைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், அந்த வரிக்குப் பேனை ஓட மறுக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். போன் இருக்க அம்மா எதற்கு மினக்கெட்டுக் கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். போன் இருக்கிறதுதான், ஆனால் அது தம்பியின் கட்டிலில் இருக்கிறது. நீ எடுத்தால் சத்தமாகப் போட்டு எல்லாரையும் கூப்பிடுவது அவன், வாட்ஸ்அப்பில் எனக்கு யார் எதை அனுப்பினாலும் கண்ணாடி தேடி நான் வருவதற்குள் வாசித்துச் சொல்வதும் அவன். அவனைப் பற்றி அவன் காதில் விழாமல் உன்னோடு கதைக்க எனக்கு இந்தத் தாளை விட்டால் வேறு வழி இல்லை. செல்வராசா அண்ணையின் மகள் சுதாஜினி வருகிற வியாழக்கிழமை ரொறன்ரோவுக்கு ஏறுகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன், உன் கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மேனுகாவுக்குக் காட்டினால் காட்டு, அவள் விளங்கக்கூடிய பிள்ளை. ஆனால் போனில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வாய் திறக்காதே.

காலபோக நெல் இந்த முறை குறை சொல்கிற மாதிரி இல்லை. கடைசி மழைக்குக் கீழ் வயலில் ஒரு மூலை சாய்ந்துபோனது, மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்துவிட்டது, மூட்டைகள் சாமியறை வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. உன் அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, எண்ணெய் பூசுங்கோ என்று சொன்னால் கிரீஸ் கையோடு எண்ணெய்ப் போத்தலைத் தொட்டு அதையும் பழுதாக்கி வைத்திருக்கிறார் கொப்பர். எனக்குப் பிரசர் குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார்கள். தம்பிக்கு இடுப்புக்குக் கீழே இருந்த படுக்கைப் புண்ணில் ஒன்று ஆறிவிட்டது, மற்றது இன்னும் வாய் திறந்தபடி இருக்கிறது, தினமும் இரண்டு தரம் கழுவிக் கட்டுகிறேன். கட்டும்போது நோகுதா என்று கேட்பேன், பிறகு எனக்கே நினைவு வரும், அந்த இடத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று. இரண்டு வருடம் தாண்டியும் இந்த விசர் வாய் அதைத்தான் கேட்கிறது.

அந்தத் தாங்கியைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ போனில் பார்ப்பது கொப்பர் ஒழுங்காகத் துடைத்து வைத்துவிட்டுக் காட்டுகிற பக்கத்தை மட்டும். நான் பார்ப்பது வேறு. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பவுசர் ஒன்றின் இரும்புத் தாங்கி அது, பழைய இரும்பு வாங்குகிறவனிடம் கொப்பர் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் குவித்து ஒட்டி, மேலே ஒரு மூடியும் முன்னால் ஒரு வட்டக் கண்ணாடியும் போட்டு, உள்ளே கார் சீற் ஒன்றைப் பூட்டி வேப்பமரத்தின் கீழே கிடத்தியிருக்கிறார். கால் இல்லாமல் கையால் மட்டும் ஓட்டுகிற மாதிரி ஒரு ஆளுக்கு ஒரு நீர்மூழ்கி. இயக்கம் நீர்மூழ்கி செய்த இந்த முல்லைத்தீவில் அந்தச் சொல்லை வாயால் சொல்ல முடியுமா? அதனால் வீட்டிலும் தாங்கி என்றுதான் சொல்லுகிறோம். போன மாதம் சிவில் உடுப்போடு இரண்டு பேர் வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். கொப்பர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற தாங்கி ஐயா என்றார். அதில் ஒருவன் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு தண்ணீர்த் தாங்கிக்கு எதற்குக் கதிரை என்று கேட்டான். உள்ளுக்கு இருந்து கழுவுறதுக்கு எண்டு கொப்பர் சொன்னாரே பார், எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிதான் சக்கரக் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து, ஓம், கடலுக்குள்ள போறதுக்குத்தான், எனக்குக் கால் ஏலாது, காலேலாதவன் கடலுக்கடியில போய் என்ன செய்யப்போறான் எண்டு நீங்களே எழுதிக்கொண்டு போங்கோ என்று உள்ளதைச் சொன்னான். கடலில் இறக்குவதென்றால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் அந்தக் கண்டறியாத கடலட்டையால் வந்தது. வயல் வேலையோடு இருந்த தம்பி கூட்டாளி சாருஜனோடு சேர்ந்து அட்டை பிடிக்கப் போனான், படகில் காற்று அடிக்கிற மெசினை வைத்துக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிற வேலை. நான் வேண்டாம் என்றேன், நீ கவனமாகப் போ என்றாய், கொப்பர் மெசினைத் திருத்திக் கொடுத்தார். அன்றைக்குக் கீழே நிற்கும்போது மெசின் நின்றுவிட்டது, காற்று இல்லாமல் அவசரமாக மேலே வந்தான். உயிரோடு வந்தானே என்று சாருஜன் கட்டிப்பிடித்து அழுதானாம், கரைக்கு வருவதற்குள் கால் இரண்டும் விறைத்துவிட்டது. ஆழத்திலிருந்து பொறுத்துப் பொறுத்து வர வேண்டுமாம், சட்டென்று வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் ஏறிவிடுமாம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்ப எழுதினால்தான் எனக்கு மற்றதை எழுத வருகிறது ராசா.

அதன்பிறகு எத்தனை மாதம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் என்பது எங்களுக்குத்தான் தெரியும். கொப்பர் அந்தத் தாங்கியைக் கொண்டுவந்து போட்ட அன்றைக்குத்தான் முதன்முதலில் தானாக எழுப்பி விடச் சொன்னான். அதற்காக இந்த இரும்பை நான் கும்பிட்டிருக்கிறேன், பொய் இல்லை. பிறகு தொடங்கியது தெரிவு. எந்த மோட்டார், எத்தனை மோட்டார், உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா, எதைப் பிடித்து ஓட்டுவது. நெல் குத்தக் கொண்டுபோகிற நேரத்திலும் அதே கதை, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டும் அதே கதை. கொப்பருக்கு மோட்டார் உள்ளே இருக்க வேண்டும், அச்சு மட்டும் வெளியே போக வேண்டும், சத்தம் மாறினால் காதுக்குத் தெரியும், சூடானால் மூக்குக்குத் தெரியும் என்பார். தம்பி, அப்பா, நீங்கள் போடுற ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு வைக்கிற வாசல், மோட்டார் வெளியிலதான் இருக்கோணும் என்பான். மேலே கீழே போக விசிறி வைக்கச் சொன்னாய் நீ. அதற்கும் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, அடியில விசிறி சுத்தினா மண் கிளம்பும், பேந்து ஒண்டும் தெரியாது, நான் பாக்கத்தானே போறன், தண்ணிய நிரப்பி இறங்கோணும், காத்தை அடிச்சு எழும்போணும், சத்தமில்லாம நிக்கோணும் என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. எனக்கு வயிறு குளிர்ந்தது, அதே நேரம் பயமும் பிடித்தது.

ஓட்டுகிற பிடிக்கு நீ ஒரே ஒரு தடி போதும் என்றாய், பிள்ளைகள் கேம் விளையாடுகிற பெட்டியில் இருப்பதைப் போல. கொப்பர் கேட்டால்தானே. முப்பது வருடமாக லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பிடித்த கை, இரண்டு பக்கமும் இரண்டு பிடி வேண்டும், இடது பிடியை இழுத்தால் இடது மோட்டார் நின்று இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று நின்றார். அப்படியே பூட்டி, ஆட்டோ மோட்டார் இரண்டை உள்ளே வைத்து, தைப்பொங்கல் கழிய உழவு மெசினில் ஏற்றி குளத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் நான்தான் இறங்குவேன் என்று தம்பியைத் தடுத்துவிட்டு மூடியைப் பூட்டிக்கொண்டார். மேலே நன்றாகத்தான் ஓடினார், அணைக்கட்டில் நின்ற சனம் கை தட்டியது. மூக்குக் குனிந்து கீழே போகத் தொடங்கியதும்தான் வந்தது வினை. லான்ட்மாஸ்டரை வரம்பிலிருந்து பள்ளத்துக்கு இறக்கும்போது பிடி மாறி வேலை செய்யும், இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் ஓடும், அதனால் பள்ளம் என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகவே மாறிப் பிடிக்கும். தண்ணீருக்குள் தலை குனிந்ததும் கொப்பரின் கை அதைப் பள்ளம் என்று நினைத்துவிட்டது. வலது பக்கம் விலக வேண்டிய மனிதர் வலதைப் பிடிக்காமல் இடதைப் பிடிப்பதும், பிறகு இதைப் பிடிப்பதும் அதைப் பிடிப்பதுமாய்த் தடுமாறி, நேரே குளத்துக்குள் நிற்கிற பட்ட மரத்தின் கிளைக்குள் போய்ச் செருகிவிட்டார். மேலே குமிழி வருகிறது, ஆளைக் காணோம். நான் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன், செல்வராசா அண்ணைதான் கையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் அடியில் கட்டியிருந்த ஈயக் கட்டியைக் கழற்றுகிற பிடியை இழுத்திருக்கிறார், கட்டி விழுந்ததும் தாங்கி மரக்கிளையை முறித்துக்கொண்டு மேலே குதித்தது. மூடியைத் திறந்ததும் முதல் சொன்ன சொல் என்ன தெரியுமா, கிளச்சில பிழையில்லை, என்ர கையிலதான் பிழை என்று. வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதார். தம்பி அன்றிலிருந்து தடிதான் வேண்டும் என்றான், தான் லான்ட்மாஸ்டரில் பழகின கை இல்லை என்றான்.

அதற்குப் பிறகுதான் நீ போனில் அந்த யோசனையைச் சொன்னாய். நீ திருத்துகிற லிஃப்டுகளில், ரயிலில் எல்லாம் இருக்கிறதாமே, பிடித்திருக்கும் வரைக்கும் ஓடும், கை விட்டால் தானாக நிற்கும். அதைப் போல ஒரு பிடி வை, கையை விட்டால் ஈயக் கட்டி தானாக விழுந்து தாங்கி மேலே வரட்டும் என்றாய். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், என்ர பிள்ளைக்கு நல்ல மூளை என்று உன்னை மனதுக்குள் கொஞ்சினேன். தம்பி உடனே மறுத்தான். கை வழுக்கினால் நேரம் கெட்ட நேரத்தில் எழும்பி வந்து படகில் முட்டுவேன் என்றான், அண்ணா நான் குழந்தைப்பிள்ளை இல்லை என்றான், ஒருக்கா அவசரமா மேல வந்தது காணும் என்றான். தாங்கிக்குள் இருந்தால் கடலின் அமுக்கம் படாது, எவ்வளவு கெதியாக வந்தாலும் குமிழ் ஏறாது என்று நீ விளங்கப்படுத்தினாய். அது அவனுக்குத் தெரியாதா? அந்தக் குமிழ் வருத்தத்தைப் பற்றி வாசிக்காத ஒன்று அவன் விட்டு வைத்திருக்கிறானா? நீ போனை வைத்த பிறகு புண் கட்டும்போது நான் கெஞ்சினேன், அந்தப் பிடியைப் பூட்டு ராசா, மேல வந்து சேரலாமே என்று. குப்புறப் படுத்தபடியே தலையணைக்குள்ளால் சொன்னான், மேல வந்து என்ன செய்யிறது அம்மா.

நிருஷன், அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சாருஜனுக்குத் தன் சுழியோடுகிற கண்ணாடியையும் ஈயப் பட்டியையும் கொடுத்துவிட்டான், இனி எனக்கு எதுக்கு, தாங்கிக்குள்ள இதெல்லாம் தேவைப்படாது என்று சொன்னானாம். சாருஜன் அதை வாங்கிக்கொண்டு படலையில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது. என் பிள்ளை கடலுக்கு அடியைப் பார்க்கப் போகிறான் என்று ஊரே கதைக்கிறது, அவன் திரும்பி வரப் போகிறானா என்று கேட்க ஒரு சீவன் இல்லை. நான் மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன், யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

கொப்பர் ஒன்றும் விளங்காமல் இரும்போடு மாரடிக்கிறார் என்றுதான் நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மெசின் வந்தால் பொழுதுபடுவதற்குள் முடித்து அனுப்புகிற மனிதர், இந்த ஒரு அச்சை மாதக்கணக்காகத் தெரிவு செய்துகொண்டிருக்கிறார், இது தண்ணீர் குடிக்கும், அது பற்றரியைத் தின்னும், இதற்குச் சாமான் இல்லை என்று எதைக் கொண்டுவந்தாலும் ஒரு நொட்டை. போன கிழமை விடியக் கோலம் போட வெளியே வந்தபோது பார்த்தேன், முதல் நாள் தம்பியோடு சேர்ந்து இறுக்கி முடித்த வேலையைத் தனியாக இருந்து கழற்றிக்கொண்டிருந்தார். உங்களுக்கு என்ன விசரோ என்று கத்த வாய் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாதையும் இரஞ்சிதம், இது முடிஞ்சால் அவன் போயிடுவான், உமக்கு விளங்கேல்லையே என்றார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று முதல் நானும் சேர்ந்துவிட்டேன், அந்த மோட்டாரை விட மற்றது நல்லதாமே என்று ஒன்றும் தெரியாத நானும் வாய் வைக்கிறேன். தெரிவு நடக்கும் மட்டும் என் பிள்ளை காலையில் எழும்புகிறான், சண்டை பிடிக்கிறான், சாப்பிடுகிறான்.

நீ பாவம், இது ஒன்றும் தெரியாமல் பொறுமை கெட்டுப்போய் நான் முழுச் செட்டையும் அனுப்பிவிடுகிறேன், வெளியே பூட்டுகிற மோட்டார் இரண்டு, பெட்டி, தடி, வயர் எல்லாம், இனித் தெரிவே வேண்டாம் என்றாய். தம்பியை மகிழ்விக்கத்தான் செய்தாய், உன்னில் பிழை சொல்ல மாட்டேன். அது வந்துவிட்டது மகன். திங்கட்கிழமை கொப்பரும் தம்பியும் கிளினிக்குப் போயிருந்த நேரம் கூரியர் பொடியன் கொண்டுவந்து தந்தான். நான் கையெழுத்து வைத்து வாங்கி, நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளி, மேலே இன்னும் இரண்டு மூட்டையை இழுத்து வைத்துவிட்டேன். அந்த மூட்டைகளை எப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னிடம் நான் கேட்பது இதுதான், பெட்டி கொழும்பில் சுங்கத்தில் மறிபட்டுவிட்டது என்று தம்பிக்குச் சொல்லு. பிறகு வேறு ஒன்று நல்லதாக இருக்கிறது, பார்ப்போம் என்று சொல்லு. ஒவ்வொரு கிழமையும் ஒன்று சொல்லு. எக்காரணம் கொண்டும் எதையும் முடிவு செய்து விடாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதினால் உனக்குப் பாவம் பிடிக்கும், அதனால் தாய் என்ற முறையில் சொல்லுகிறேன், செய்.

செவ்வாய்க்கிழமை.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே பெட்டியைப் பற்றி எழுதினதை விட்டுவிடு. கிழிக்க மனம் வரவில்லை, எழுதினது எழுதினதாகக் கிடக்கட்டும்.

சனிக்கிழமை தம்பி எழும்பவில்லை. தலையிடி என்றான். ஞாயிறு அன்றும் எழும்பவில்லை. கொப்பர் போய், வெளியில பூட்டுற மோட்டாருக்கு விசிறி மூன்று இதழா நாலு இதழா நல்லது என்று வாயைக் கிண்டிப் பார்த்தார், உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கோ அப்பா என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். அந்த ஒரு சொல்லோடு கொப்பர் பத்து வயது கூடினவராய் வெளியே வந்தார். பழையபடி அதே சுவர், அதே முதுகு. சோறு ஊட்டினாலும் வாயில் வைத்திருக்கிறான், விழுங்குகிறான் இல்லை. நான் அவனைக் கடலில் இருந்து காப்பாற்றுவதாக நினைத்துக் கட்டிலில் வைத்துக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. ஐயோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஒரே பள்ளம்தான்.

நேற்றுப் பின்னேரம் பொறுக்க முடியாமல் கட்டிலில் இருந்து கேட்டேன், பெட்டி வராததாலேயா இப்படிப் படுத்திருக்கிறாய் என்று. திரும்பாமலே சொன்னான், பெட்டி வந்து ஒரு கிழமையாச்சு அம்மா, ஒப்படைச்சாச்சு எண்டு போனில காட்டுது, உங்கட கையெழுத்தையும் படம் பிடிச்சுப் போட்டிருக்கிறாங்கள். அப்ப ஏன்ரா கேக்கேல்லை என்றேன். நீங்களாத் தாங்கோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் என்றான். இந்தக் கண்டறியாத போனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நான்தான் ஒன்றும் தெரியாத முட்டாளாய் மூட்டை இழுத்திருக்கிறேன்.

எழும்பிப் போனேன். மூட்டைகளைத் தள்ளிப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, அவனை நிமிர்த்தி இருத்தி, மடியில் வைத்தேன். கனம் அவனுக்குத் தெரியாது, அதனால் கையைப் பிடித்து மேலே வைத்தேன். அவன் பெட்டியைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நேரே கேட்டேன், நீ மேல வாற எண்ணத்தோட போறியோ, இல்லாட்டி வராம இருக்கப் போறியோ, பெத்தவளுக்குச் சொல்லு என்றேன். கொப்பர் கதவடியில் வந்து நின்றுவிட்டார். பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் சொன்னான், போகேக்க வாற எண்ணத்தோடதான் போவன் அம்மா, கீழ போய்ச் சேர்ந்த பிறகு என்ன நினைப்பன் எண்டு எனக்கே தெரியாது, அதை இங்க இருந்து எப்பிடிச் சொல்லுறது.

நான் வாய்விட்டு அழுதேன். நீ நினைக்காதே அம்மா தைரியமாக இருந்தா என்று, ஒன்றும் இல்லை, அக்கம்பக்கம் கேட்க ஒப்பாரி வைத்தேன். நான் அழுது முடிக்கும் மட்டும் பொறுத்திருந்துவிட்டு அவனே சொன்னான், அண்ணா சொன்ன பிடி வேண்டாம், அது என்ர கையை நம்புற பிடி, என்ர கையில எனக்கே நம்பிக்கையில்லை, ஈயக் கட்டிக்குக் கயிறு கட்டி மேல படகில விடுவம், அந்தக் கயிறு உங்கட கையில இருக்கட்டும், நீங்கள் இழுத்தால் நான் வருவன் என்று. கொப்பர் உள்ளே வந்து, நல்ல நைலோன் கயிறாப் பாத்து எடுப்பம் தம்பி, உப்பில உக்காததா என்று சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தினார். அத்தோடு பெட்டியைப் பிரித்தார்கள். இரவு பத்து மணி மட்டும் இரண்டு பேரும் வயரைப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை, எந்த வயர் எங்கே போகிறது என்று. தம்பி இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டான். இனித் தெரிவு முடிந்துவிட்டது மகன். சித்திரை பிறந்து கடல் படுத்ததும், அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவித்துவிட்டு, சாருஜனின் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். நான் படகில் இருக்கப் போகிறேன். கடல் என்றாலே தலை சுற்றுகிறவள், வாந்தி எடுத்துக்கொண்டாவது இருப்பேன்.

இறங்கினவுடனயே இழுத்துப் போடுவன், சொல்லிப்போட்டன் என்று அவனுக்குச் சொன்னேன். சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான், அப்பிடியெண்டால் நான் ஒண்டும் பாக்கேலாதே அம்மா. இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை பார்க்க ஆசைப்பட்ட ஒன்று கீழே இருக்கிறது, பயத்தில் நான் கெதியாக இழுத்துவிட்டால் அவன் அதைப் பார்க்காமலே வருவான், இனி ஒரு நாளும் கயிற்றை என் கையில் தர மாட்டான். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன் என்றால், அந்தக் கொஞ்சத்துக்குள் அவன் மனம் மாறிவிட்டால் எனக்கு மேலே இருந்து எப்படித் தெரியும்? உள்ளே காற்று எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்று கொப்பருக்குக் கணக்குத் தெரியும். நான் கேட்பது அந்தக் கணக்கு இல்லை. நீயும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன், யோசித்துச் சொல்லு, நான் எவ்வளவு நேரம் இழுக்காமல் இருக்கலாம்?

உனக்கும் மேனுகாவுக்கும் என் சின்னவனுக்கும் எல்லாத் தெய்வமும் காவல் இருக்கட்டும், நீங்கள் தொட்டதெல்லாம் நல்லாக வரட்டும். குளிருக்குள் வெறுங்காலோடு நிலத்தில் நடக்க விடாதே பிள்ளையை, காதையும் மூடிக் கட்டு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, லிஃப்டுக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது வீட்டு யோசனை யோசிக்காதே. பதிலைக் கடிதமாகவே எழுது, சித்திரைக்கு முன் கிடைக்கிற மாதிரி யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து விடு. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நான் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
தி. இரஞ்சிதம்